கையெழுத்துப் போட்டவன் ஏறணும்

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து வருடம் அந்தப் பெயரை ஊரார் வாயில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிற்று. அதை என் கையாலும் எழுதி வைப்பானேன்?

எங்கள் கம்பெனியில் சார்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெறுமனே "சார் சொன்னாரு" என்று யாராவது சொன்னால் அது அவர் ஒருவரைத்தான் குறிக்கும். பெரிய மேனேஜரைச் சொல்வதற்குக்கூட "மேனேஜர் சார்" என்று முன்னால் ஏதாவது சேர்க்க வேண்டியிருந்தது. இவருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. வந்த மூன்றே மாதத்தில் இந்த நிலை.

நான் அங்கே பதினோரு வருடமாக மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஓசூர் தொழிற்பேட்டையில் கியர் பாக்ஸ் செய்யும் கம்பெனி. மெஷின் நிற்பதற்கு முன்னால் எப்படி முனகியது என்று கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். பழைய ஃபோர்மேன் ஓய்வு பெறுகிறார் என்றதும் அந்த இடம் எனக்குத்தான் என்று நான் மட்டுமல்ல, மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். என் மனைவி சரோஜா குழாயடியில் "இவருக்கு ஃபோர்மேன் வேலை வருது" என்று சொல்லியும் விட்டாள். குழாயடியில் சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா?

ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். ஒல்லியான, கறுத்த மனிதர். மடிப்புக் கலையாத காக்கி பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ, காதோரம் ஒட்ட வெட்டிய முடி. பாகலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இந்தி. ராணுவத்தில் ஒரு ஹெலிகாப்டர் ரெஜிமென்ட்டில் பதினெட்டு வருடம் மெக்கானிக்காக இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். அவர்தான் புது ஃபோர்மேன்.

வந்த அன்றே நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, இங்க நீங்கதான் பெரியவரு. எனக்கு இந்த மெஷினுங்க எல்லாம் புதுசு. தப்புப் பண்ணா சொல்லுங்க."

திமிராகப் பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். யூனியனில் பேசியிருப்பேன், நாலு பேரைச் சேர்த்திருப்பேன், ஒரு மாதத்தில் ஆளை ஓட வைத்திருப்பேன். மனிதர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தைகள் இருக்கின்றன. ஆனால் எனக்கு எரிந்தது வயிறுதான், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு அதிகமாக எரியும்.

அவருக்கு ஒரே ஒரு பேச்சுதான். ரெஜிமென்ட். கேன்டீனில் டீ வந்துவிட்டால் ஆரம்பித்துவிடுவார்.

"எங்க ரெஜிமென்ட்டு பொறந்தப்ப அதுக்கு ஹெலிகாப்டரே கெடையாது" என்பார். இப்படித் தொடங்கினால் யார்தான் எழுந்து போவார்கள்? "பீரங்கி சுடறவனுக்குக் குண்டு எங்க போயி விழுதுன்னு தெரியாது. மலைக்கு அந்தாண்ட விழும். அத மேல போயிப் பாத்துச் சொல்ல ஒருத்தன் வேணும். அதுக்குன்னு வந்ததுதான் நாங்க. துணி ஒட்டின ரெக்கை வெச்ச சின்ன ப்ளேனு. ஓட்டறவன் பீரங்கிப் படை ஆபீசரு. ப்ளேனு யாருது? விமானப் படையுது. ஓட்டறது ஒருத்தன், சாவி இன்னொருத்தன்கிட்ட. ரெண்டு மாமியா இருக்கற வீட்டுக்குப் போன மருமக மாதிரி இருந்திச்சி எங்க பொழப்பு."

"அப்பறம் சார்?" என்று முனிராஜ் கேட்பான். அத்திப்பள்ளியிலிருந்து தினமும் வரும் கன்னடக்காரன், என் கீழே வேலை செய்தவன். என்னிடம் ஒரு நாளும் "அப்பறம்" என்று கேட்காதவன்.

"அப்பறம் ப்ளேனு போயி ஹெலிகாப்டரு வந்திச்சி. இங்க பெங்களூர்ல செஞ்சதுதான். குண்டு பாக்கறதோட வேலை நிக்கல. பனிமலை மேல காவலுக்கு நிக்கறவனுக்கு மண்ணெண்ணெ, கடுதாசி, மாத்திரை எல்லாம் நாங்கதான் கொண்டு போறது. காலு வெறைச்சுப் போனவன எறக்கறதும் நாங்கதான். நான் வெளிய வர்றதுக்குக் கொஞ்சம் முந்திதான் எங்களத் தனிப் படையாப் பிரிச்சாங்க. அன்னிக்கு எங்க கர்னலு எல்லாருக்கும் லட்டு குடுத்தாரு. தனிக்குடித்தனம் போன மாதிரி இருந்திச்சி."

நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவேன். கேட்கவில்லை என்று காட்டத்தான். ஆனால் காதை எங்கே திருப்பி வைப்பது? ஒரு நாள் என்னையறியாமல் திரும்பி, "அந்தத் துணி ரெக்கை மழையில நனைஞ்சிடாதா?" என்று கேட்டுவிட்டேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் முகம் மலர்ந்து போயிற்று.

"கேட்டீங்க பாத்தீங்களா, இது மெக்கானிக் கேள்வி! துணிக்கு மேல வார்னிஷ் மாதிரி ஒண்ணு பூசுவாங்கண்ணா."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன்.

கதையோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் அந்த ரெஜிமென்ட்டை எங்கள் டிபார்ட்மென்டுக்குள்ளேயே கொண்டுவந்து இறக்கினார். கேன்டீன் மேஜையில் டீ கிளாஸ்களை வரிசையாக வைத்துக் காட்டினார். மேலே ஒரு கிளாஸ் கர்னல். அவருக்குக் கீழே ஃப்ளைட், ஃப்ளைட்டாகப் பிரித்திருப்பார்களாம். ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் ஒரு மேஜர், சில ஹெலிகாப்டர்கள்.

"ஒரு ஃப்ளைட்ட மட்டும் பிச்சி எந்த மலையில கொண்டு போயிப் போட்டாலும் அது சொந்தக் கால்ல நிக்கணும். அதுக்குன்னு டென்ட்டு, அதுக்குன்னு எண்ணெ, அதுக்குன்னு டூல்ஸு, அதுக்குன்னு சமையக்காரன். மேல பறக்கறது ரெண்டே பேரு. ஆனா கீழ இன்ஜினுக்கு ஒருத்தன், ரேடியோவுக்கு ஒருத்தன், வானம் பாத்துச் சொல்ல ஒருத்தன். இதுல எவன் தூங்கினாலும் மேல போனவன் முழுசா எறங்க மாட்டான்."

அடுத்த வாரமே டிபார்ட்மென்ட் இரண்டாகப் பிரிந்தது. மெஷின் ஷாப்பைப் பார்த்துக்கொள்ள ஏ ஃப்ளைட். அசெம்பிளி, கிரேன், கம்ப்ரஸர், லிஃப்ட் இவற்றுக்கு பி ஃப்ளைட். ஒவ்வொன்றுக்கும் தனி டூல் போர்டு. போர்டில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் வெள்ளைப் பெயின்ட்டால் வரைந்து, அந்த உருவத்தின் மேலேயே ஸ்பேனரைத் தொங்கவிட வேண்டும். எது இல்லையோ அது தூரத்திலிருந்தே தெரியும். அதுவரை இருந்தது ஒரே ஒரு டூல் பீரோ. அதன் சாவி பதினோரு வருடமாக என் இடுப்பில் இருந்தது. ஆறங்குல ஸ்பேனர் வேண்டுமென்றாலும் என்னிடம் வந்து நின்று "அண்ணா, கொஞ்சம் சாவி" என்று கேட்க வேண்டும். ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட்டில் அந்தக் கேட்பு நின்றுபோயிற்று.

ஏ ஃப்ளைட்டுக்கு டிப்ளமா படித்த ஓர் இளைஞனைத் தலைவனாகப் போட்டார். பி-க்கு நான். அந்த இளைஞனின் மனைவி குழாயடியில் "எங்க வூட்டுக்காரரு இப்ப ஃப்ளைட்டுல இருக்காரு" என்று பெருமை பேசியிருக்கிறாள். சரோஜா குடத்தை இறக்கி வைக்காமலே கேட்டாள்.

"ஏங்க, பக்கத்து லைன்ல அவரு ஃப்ளைட்டுல போறாராமே, உங்கள அனுப்ப மாட்டாங்களா?"

"நானும் ஃப்ளைட்டுலதான்டி இருக்கேன்."

"காலையில சைக்கிள்லதான போனீங்க?"

ஃப்ளைட் என்றால் இங்கே விமானம் இல்லை, ஆட்களின் கூட்டம் என்று விளக்கி முடிப்பதற்குள் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. எல்லாம் கேட்டுவிட்டு அவள் கடைசியில் ஒன்று கேட்டாள்.

"அப்ப ஏ-தான ஒசத்தி? உங்கள எதுக்கு பி-யில போட்டாரு?"

அடுத்து வந்தது நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் ஒரு புத்தகம் உண்டாம். அது பிறந்த நாளிலிருந்து எந்த நட்டு எப்போது மாற்றினார்கள், யார் மாற்றினார்கள் என்பது வரை அதில் இருக்குமாம். அவர் அதை ஜாதகம் என்பார். எங்கள் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஜாதகம் வந்தது. ரிப்பேர் செய்தவன் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு முடிந்ததா என்றால் இல்லை.

"எங்க ரெஜிமென்ட்டுல ஒரு வழக்கம்" என்றார். "ரிப்பேர் பண்ணி எவன் கையெழுத்துப் போட்டானோ, மொதத் தடவ அது மேல கெளம்பும்போது அவனும் அதுல ஏறணும். கையெழுத்துப் போட்டவன் ஏறணும். ஏறாதவன் போட்டது கையெழுத்து இல்ல, வெறும் மசி."

அன்றிலிருந்து பிரஸ் மெஷினைச் சரி செய்தவன்தான் அதன் முதல் அடியை அடிக்க வேண்டும். கம்ப்ரஸரைத் திறந்தவன்தான் பக்கத்தில் நின்று காற்றேற்ற வேண்டும். சரக்கு லிஃப்ட்டில் கை வைத்தவன் முதல் நடை அதில் ஏறி மேலே போய் வர வேண்டும். "இதென்ன கூத்து" என்று நான் சிரித்தேன். முனிராஜ் சிரிக்கவில்லை. நட்டை முறுக்கியவன் இன்னொரு தரம் முறுக்கிப் பார்த்துவிட்டு "ஆயித்து சார்" என்பான். மெஷின்கள் நிற்பது குறைந்தது. இதையும் நான்தான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தேர்தல் சமயம் ஒன்றில் யாரோ தலைவர் ஹெலிகாப்டரில் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கினார். ஷிஃப்ட் முடிந்து எங்கள் ஆட்கள் கூட்டமாகப் போனோம். தலைவரை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் எங்கள் சாரைச் சுற்றி நின்றுகொண்டு, அது என்ன சார், இது என்ன சார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாலில் இருக்கும் சின்ன விசிறி எதற்கு என்பதை அவர் விளக்கினார். அது இல்லையென்றால் பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்ற, உடம்பு மறுபக்கம் சுற்றிக்கொண்டே இருக்குமாம். கேட்கவே வந்தவர்கள் மாதிரி போலீஸ்காரர்கள்கூட நின்று கேட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க எத்தன தடவ மேல போயிருக்கீங்க சார்?" என்றேன். அவர் கீழேயே கிடந்து எண்ணெய் துடைத்தவராக இருக்கும் என்பது என் ஆசை.

"கையெழுத்துப் போட்ட அத்தன தடவையும்."

"பயமே இல்லியா?"

அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "பயந்தாண்ணா. சின்ன வயசுலருந்தே எனக்கு ஒசரம்னா ஆவாது. தென்னமரம்கூட ஏறினதில்ல. மேல கெளம்பினாலே வாந்தி. அதுக்குன்னே பாக்கெட்ல ஒரு பிளாஸ்டிக் கவரு வெச்சிருப்பேன். ஆபீசருங்க எல்லாம் என்ன 'கவர் ஹவில்தார்'னுதான் கூப்புடுவாங்க."

எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு நன்றாக இறங்கியது. மறுநாள் காலை ஷெட் முழுக்க நானே போய்ச் சொன்னேன். ஹெலிகாப்டர் ஹவில்தாருக்கு உயரம் என்றால் நடுக்கம், கவரில் வாந்தி எடுப்பார். சொன்ன இடத்தில் எல்லாம் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, "அப்படி இருந்தும் ஒவ்வொரு தடவையும் ஏறியிருக்காரு பாரேன்" என்றார்கள். நான் குழி வெட்டப் போய் அவருக்கு மேடை கட்டிவிட்டு வந்தேன்.

அது பொய்யில்லை என்பதை அதற்குப் பிறகு நானே கவனித்தேன். எங்கள் புதுக் கட்டடம் மூன்று மாடி. அவர் எப்போதும் படியில்தான் ஏறுவார், அதுவும் சுவரோரமாக. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனால் விளிம்புப் பக்கமே வர மாட்டார். பிறகு ஒரு நாள் லிஃப்ட்டின் கதவு ரோலரை அவரே மாற்றி, அவரே கையெழுத்துப் போட்டார். பாக்கெட்டிலிருந்து கவரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி ஏறி மேலே போய்விட்டு வந்தார். இறங்கியதும் வாயைத் துடைத்துக்கொண்டு, "ரெடி" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு வெட்கமே இல்லை. அது எப்படி முடிகிறது என்று எனக்குப் புரியவேயில்லை. எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கே அரை நாள் ஆகும்.

ஐந்தாவது வருடம் கம்பெனி கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னொரு ஃபேக்டரி போட்டது. அதற்கு அவரைத்தான் மெயின்டனன்ஸ் மேனேஜராக அனுப்புகிறார்கள் என்று பேச்சு வந்தது. அவர் இடம் காலியாகும். அந்த இடத்துக்கு இரண்டே பேர். ஏ ஃப்ளைட் இளைஞன், அல்லது நான். அந்த வாரமே மேனேஜர் முடிவு செய்யப் போகிறார் என்றார்கள். எனக்கு அப்போது நாற்பத்தைந்து. இந்தத் தடவையும் போனால் பிறகு ஸ்பேனரோடுதான் ஓய்வு.

அந்த வாரம் புதன்கிழமை கியர் பாக்ஸ் வாங்கும் கம்பெனிக்காரர்கள் பதினோரு மணிக்குப் பார்வையிட வருகிறார்கள். காலை ஒன்பதரைக்குச் சரக்கு லிஃப்ட்டின் பிரேக் வழுக்கியது. லிஃப்ட் என் ஃப்ளைட்டின் பொறுப்பு. மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஓடினேன். பிரேக் லைனிங் தேய்ந்திருந்தது. புது லைனிங் கையில் இருந்தது, மாற்றினேன். மாட்டும்போது பிரேக்கின் இரும்புக் கையைப் பிடித்து நிறுத்தும் பின்னுக்குக் குறுக்கே போடும் சின்னக் கம்பிப் பின் உடைந்துவிட்டது. ஸ்ப்ளிட் பின் என்போம். அது இல்லையென்றால் பெரிய பின் மெல்ல மெல்ல நழுவி வெளியே வரலாம். அது வந்துவிட்டால் பிரேக் பிடிக்காது.

புதுப் பின் ஸ்டோரில் இருக்கிறது. ஸ்டோர் காம்பவுண்டின் அந்தக் கோடியில். சீட்டு எழுதி, கையெழுத்து வாங்கி, போய் வர அரை மணி நேரமாகும். அப்போதுதான் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஏ ஃப்ளைட் இளைஞன் தலையை நீட்டினான்.

"அண்ணா, டைம் ஆவுது. நான் ஏதாச்சும் ஹெல்ப் பண்ணட்டுமா?"

"நீ உன் மெஷின் ஷாப்பப் போயிப் பாரு."

அவன் போனதும் ஒரு துண்டு கட்டுக்கம்பியை எடுத்து அந்தத் துளையில் நுழைத்து இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டேன். இந்தத் தொழிற்பேட்டையில் பாதி மெஷின் கட்டுக்கம்பியில்தான் ஓடுகிறது. சாயங்காலம் ஸ்டோருக்குப் போய்ப் பின் வாங்கி மாற்றிவிட்டால் தீர்ந்தது. கீழே இறங்கி லிஃப்ட்டின் ஜாதகத்தில் கையெழுத்துப் போட்டேன். மணி பத்தே முக்கால்.

மேனேஜரும் வந்தவர்களும் லிஃப்ட் முன்னால் நின்றார்கள். "சொன்ன நேரத்துக்கு முடிச்சிட்டீங்களே" என்று மேனேஜர் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலுக்காக நான் பதினாறு வருடம் காத்திருந்தேன். கியர் பாக்ஸ் அடுக்கிய வண்டியை முனிராஜ் லிஃப்ட்டுக்குள் தள்ளினான். தள்ளிவிட்டு வெளியே வந்து எனக்காக ஒதுங்கி நின்றான்.

கையெழுத்துப் போட்டவன் ஏறணும்.

நான் அதை மறந்தே போயிருந்தேன். கட்டுக்கம்பி தாங்கும் என்று எனக்கு முழு நம்பிக்கை இருந்தது, நான் அதில் ஏற வேண்டும் என்பது ஞாபகம் வரும் வரை. கால் நகரவில்லை. கம்பி அறுந்தால், பின் நழுவினால், மூன்று மாடி, அத்தனை இரும்போடு. இரண்டு பெண்பிள்ளைகள் எனக்கு. "பின் மாற்றவில்லை, அரை மணி நேரம் கொடுங்கள்" என்று சொன்னால் போதும். சொன்னால் அந்தத் தட்டல் போயிற்று, பதவியும் போயிற்று.

"என்னமோ தலை சுத்துது சார்" என்றேன். "காலையிலருந்தே பிரஷர் மாதிரி இருக்கு."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "லிஃப்ட் ரெடியா இல்லையா?"

பக்கத்தில் நின்றிருந்த சார்தான் பதில் சொன்னார். "அண்ணா கையெழுத்துப் போட்டிருக்காரு சார். ரெடிதான். அவருக்கு உடம்பு சரியில்ல, நான் ஏறறேன்."

கவரைத் தேடினார். அன்று பாக்கெட்டில் இல்லை. பரவாயில்லை என்பது போல் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். கம்பிக் கதவை இழுத்தார். இழுக்கும்போது என்னைப் பார்த்தார். கண்ணை மூடவில்லை. நான் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். அதில் என் கையெழுத்து ஈரம் காய்ந்திருந்தது.

கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட் கிளம்பியது.

விழட்டும் என்று நினைத்தேனா? முப்பது வருடமாகக் கேட்டுக்கொள்கிறேன். விழக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், அது உண்மை. அதற்கு முன்னால் ஒரு கணம், ஒரே ஒரு கணம், விழுந்தால் இந்த மனிதர் என் கண் முன்னால் இருக்க மாட்டார் என்று தோன்றியது. அதுவும் உண்மை.

கம்பி தாங்கியது. மூன்றாவது மாடி வரை போய்ச் சரக்கோடு திரும்பி வந்தது. வந்தவர்கள் கை தட்டினார்கள். அவர் இறங்கினார். முகம் சாம்பல் பூத்திருந்தது. "பிரேக் நல்லா புடிக்குது சார், அண்ணா வேலை" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் பின்னால் போனார். வாந்தி எடுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

அவர்கள் அடுத்த ஷாப்புக்குப் போனதும் அவர் லிஃப்ட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்து, "யாரும் தொடாதீங்க" என்று முனிராஜை நிற்க வைத்தார். பிறகு ஸ்டோருக்குத் தாமே போனார். திரும்பி வந்து சுவரோரமாகப் படியேறினார். நானும் பின்னாலேயே போனேன். மெஷின் ரூமில் பிரேக் மூடியைக் கழற்றிப் பார்த்தார். கட்டுக்கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அதை வெட்டியெடுத்து, புதுப் பின்னைப் போட்டு, அதன் இரண்டு காலையும் மடக்கினார். கோபத்தில் வரும் அந்த இந்தி ஒரு வார்த்தைகூட வரவில்லை. இந்தி வந்திருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"கம்பி தெரியாதுண்ணா. ஏதோ இருக்குதுன்னு உங்க மூஞ்சியிலயே தெரிஞ்சிது."

"தெரிஞ்சும் எதுக்கு ஏறினீங்க?"

அவர் கையைப் பஞ்சு வேஸ்ட்டில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"அத்தன பேரு எதிர்ல உங்க கையெழுத்து பொய்யின்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதுவும் இல்லாம, நீங்க நிறுத்திடுவீங்கன்னு பாத்தேன். கதவு சாத்தறப்ப சொல்லுவீங்கன்னு பாத்தேன். மொத மாடி தாண்டறப்ப கீழருந்து உங்க கொரலு வரும்னு பாத்தேன்." வேஸ்ட்டைச் சுருட்டி மூலையில் போட்டார். "ரெண்டாவது மாடியில பாக்கறத விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. அந்த நேரத்திலும் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"மேனேஜர்கிட்ட சொல்லப் போறீங்களா?"

"அவரு திங்கக்கெழமையே என்னக் கூப்புட்டுக் கேட்டாருண்ணா, என் எடத்துக்கு யாருன்னு. உங்க பேரத்தான் எழுதிக் குடுத்தேன். ஆர்டரு டைப் ஆயிட்டிருக்கும்."

திங்கட்கிழமை. அதாவது அன்று காலை அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியமே எனக்கு இருந்திருக்கவில்லை. ஸ்டோருக்கு நிதானமாக நடந்து போய்விட்டு வந்திருக்கலாம்.

"இப்பக் கேட்டா?" என்றேன்.

அவர் டூல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இப்ப யாரும் கேக்கலியேண்ணா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்தது. சரோஜா குழாயடியில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். அவர் மறு மாதம் கிருஷ்ணகிரிக்குப் போனார். அந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் என் காதுக்கு வந்திருக்கும். பதினான்கு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றேன். நல்ல ஃபோர்மேன் என்றுதான் பெயர். ஆனால் அவர் மேல் இருந்த பொறாமை மட்டும் போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை. என்னை மாதிரி ஓர் ஆளை நம்பி, கையில் கவர்கூட இல்லாமல், ஒரு மாடி முழுக்க அவர் காத்திருந்தார். நான் யாரையும் அப்படி அரை மாடிகூட நம்பியதில்லை.